டெய்லர் கட்சியும் ரெஜி கட்சியும்

கலியாணம் முடித்து லண்டனுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, முன்னறையில் இரண்டு ஆண்கள் சண்டை பிடிப்பதைக் கேட்டு சுவர்ணா சமையலறையிலேயே நின்றுவிட்டார். ஒரு குரல் புதுக் கணவர் யோகராஜாவுடையது. மற்றது அவருடைய பழைய அறைத் தோழர் எட்வேட்டுடையது. டெய்லர், டெய்லர் என்று யோகராஜா திரும்பத் திரும்பச் சொன்னார். எட்வேட் அந்த டெய்லரை ஏற்றுக்கொள்ளவே இல்லை. கலியாணத்துக்குத் தைத்த கோட்டைப் பற்றித்தான் பிரச்சினை என்று சுவர்ணா நினைத்துக்கொண்டார். தேத்தண்ணீரோடு உள்ளே போய், லண்டனில் வேறு தையல்காரர் இல்லையா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். எட்வேட் சிரித்த சிரிப்பில் கதிரை பின்னால் சரிந்தது. யோகராஜா சிரிக்கவில்லை. மனைவியை உட்காரவைத்து, லோரன்ஸ் டெய்லர் தையல்காரர் அல்ல, அமெரிக்கன் புட்போலில் நியூயோர்க் ஜயன்ட்ஸ் அணிக்கு ஆடுகிறவர், இதுவரை பிறந்த தடுப்பாட்டக்காரர் எல்லாரிலும் பெரியவர் என்று பொறுமையாக விளக்கினார்.

"ரெஜி வைட் எண்டும் ஒருத்தர் இருக்கிறார், தங்கச்சி. அதையும் கேட்டு வையும்," என்றார் எட்வேட்.

இது தொண்ணூற்றிரண்டில் நடந்தது. அதன்பிறகு ஏறக்குறைய முப்பது வருடம், ஞாயிறுதோறும், அந்த வீட்டில் இதே வழக்குத்தான்.

சுவர்ணா எங்கள் தெருக்காரர். அல்பேர்ட்டனில், ரயில் பாலத்துக்குக் கிட்ட வீடு. ஈலிங் றோட்டில் ஒரு மருந்துக் கடையில் பல காலம் வேலை செய்தார். எனக்கு மருந்து எடுத்துத் தந்து பழக்கமானவர். இந்தக் கதையில் பெரும்பகுதி அவர் சொன்னது. மிச்சம் எட்வேட்டின் மனைவி மரினா சொன்னது.

யோகராஜாவும் எட்வேட்டும் எண்பத்தைந்தில் சில மாத இடைவெளியில் வந்து இறங்கியவர்கள். யோகராஜா கொக்குவில். எட்வேட் குருநகர், கத்தோலிக்கர். ஊரில் ஒருவரையொருவர் தெரியாது. வெம்பிளியில் ஒரு குஜராத்திக்காரரின் வீட்டு மேல்மாடியில் இருவருக்கும் சேர்த்து ஒரே அறை கிடைத்தது. அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராமல் நாட்கள் போய்க்கொண்டிருந்தன. யோகராஜா பெற்றோல் ஷெட்டில் நின்றார், எட்வேட் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார். ஞாயிறு பின்னேரம் இருவருக்கும் வேலையில்லை, போக இடமும் இல்லை. முன்பு அந்த அறையில் இருந்தவர் விட்டுப்போன சின்ன டி.வி. ஒன்று இருந்தது. அதில் ஞாயிறு பின்னேரங்களில் சனல் ஃபோர் அமெரிக்கன் புட்போல் காட்டியது.

வர்ணனை பாதிக்குமேல் விளங்கவில்லை. ஆட்டம் விளங்கியது. இது கிளித்தட்டு என்று எட்வேட்தான் முதலில் கண்டுபிடித்தார். ஒரு பக்கம் கோட்டைத் தாண்டி ஓடப் பார்க்கிறது, மறுபக்கம் நின்று மறிக்கிறது. பந்தும் தலைக்கவசமும்தான் கூட. இருவரும் ஊரில் மறிக்கிற பக்கத்தில் பேர் எடுத்தவர்கள். அதனால் பந்தோடு ஓடுகிறவனையும் பந்தை எறிகிறவனையும் அவர்கள் கவனிக்கவேயில்லை. கண் முழுவதும் மறிக்கிறவர்கள்மேல். கிளித்தட்டில் மற்றவர்கள் தத்தமது கோட்டில் நிற்க, கிளி என்கிற ஒருவனுக்கு மட்டும் ஓடித் திரிய அனுமதி உண்டு. டெய்லர்தான் கிளி என்று யோகராஜா சொன்னார். அன்றைக்கே எட்வேட் இல்லையென்று சொல்லியிருக்க வேண்டும்.

வாதங்கள் நாளடைவில் உருண்டு திரண்டு நிலைத்துவிட்டன. டெய்லருக்கு முன் ஆட்டம் ஒரு மாதிரி, பின் வேறு மாதிரி என்பது யோகராஜாவின் கட்சி. அந்த ஒரு மனிதனை மறிப்பதற்கென்றே எதிரணிகள் ஆட்களை மாற்றி நிறுத்தப் பழகின. வருடத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருது எப்போதும் ஓடுகிறவனுக்கும் எறிகிறவனுக்கும் போவது; எண்பத்தாறில் அது டெய்லருக்குப் போனது. எட்வேட் இதற்கெல்லாம் மசியமாட்டார். டெய்லர் ஓரத்தில் வெளியான இடத்திலிருந்து பாய்ந்து வருகிறவன். ரெஜி நெருக்கத்தில் நிற்கிறவர். இரண்டு பேர் தன்மேல் சாய்ந்து நிற்க, அந்த இரண்டு பேரையும் தள்ளிக்கொண்டே போய்ப் பந்து எறிகிறவனை விழுத்துகிறவர். அதோடு ரெஜி பிரசங்கியார். டெய்லர் போதைப் பழக்கத்தால் தடை வாங்கியவர். இந்த இடம் வந்ததும் யோகராஜா எழும்பி நிற்பார். களத்துக்குள் நடந்ததை மட்டும் பேசு என்பார். கோயிலைக் களத்துக்கு வெளியே வைத்துவிட்டு வா என்பார்.

இடையிடையே வேறு பேர்களும் வந்து போகும். ஆட்டத்தைத் தவறவிடக்கூடாதென்று நசிந்த சின்னவிரலின் நுனியை வெட்டுவித்துக்கொண்ட ரொனி லொட்டின் கதையை எட்வேட் ஒருநாள் சோற்றுக்கு முன்னால் சொல்லி, சுவர்ணாவிடம் நன்றாக ஏச்சு வாங்கினார். மகள் விதுஷா பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்தபோது, இரண்டு பேரையும் சீண்டுவதற்கென்றே ரே லூயிஸ் என்று பின்னால் வந்த ஒரு தடுப்பாட்டக்காரரின் பேரைச் சொல்லிவிட்டு மாடிக்கு ஓடிவிடுவாள். அந்த ஒரு விஷயத்தில் இருவரும் ஒரே பக்கம்: லூயிஸ் நல்லவர், ஆனால் மூன்றாமவர்.

காலம் இருவரையும் ஒரு மாதிரி நடத்திவிட்டது. யோகராஜா தபால் தரம் பிரிக்கும் இடத்தில் நிரந்தர வேலைக்குப் போனார். எட்வேட் பஸ் ஓட்டினார். ஹரோவில் வீடு வாங்கினார். மரினாவைக் கலியாணம் செய்தார். இரண்டாயிரத்து ஏழில் ஜயன்ட்ஸ் அணி வெம்பிளிக்கே வந்து ஆடியது. முதன்முதலில் சிக்காகோ அணி வெம்பிளிக்கு வந்தபோது டிக்கெட் வாங்க வழியில்லாமல் மைதானத்துக்கு வெளியே நின்று சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்த இரண்டு பேர், இந்த முறை உள்ளே இருந்து பார்த்தார்கள். அன்றைக்கு நல்ல மழை. யோகராஜா டெய்லரின் இலக்கம் போட்ட நீலச் சட்டையில், எட்வேட் ரெஜியின் இலக்கம் போட்ட பச்சைச் சட்டையில். ரெஜியின் அணி அன்று ஆடவேயில்லை. அதைப் பற்றி எட்வேட்டுக்குக் கவலையும் இல்லை.

அதற்கு முன்பு நடந்த ஒன்றையும் சொல்லவேண்டும். இரண்டாயிரத்து நான்கு நத்தாருக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, கடல் பெருகி முல்லைத்தீவுக் கரையை அள்ளிக்கொண்டு போனது. எட்வேட்டின் மூத்த சகோதரி அங்கே வாழ்க்கைப்பட்டிருந்தார். அவரும் போனார், இரண்டு பிள்ளைகளும் போனார்கள். யோகராஜா ஹரோவுக்குப் போய் அங்கேயே தங்கினார். ரெலிபோன் எடுப்பது, வருகிறவர்களுக்குப் பதில் சொல்வது, சமைப்பது எல்லாம் அவர்தான். அதே ஞாயிறு காலையில்தான் அமெரிக்காவில் ரெஜி வைட்டும் இறந்துபோனார், நித்திரையிலிருந்து எழும்பும் நேரத்தில், நாற்பத்துமூன்று வயதில். யோகராஜா அந்தச் செய்தியைப் பத்திரிகையில் கண்டு, பத்திரிகையையே வீட்டுக்குள் கொண்டுபோகாமல் வெளியே போட்டார். ஒரு மாதத்துக்குமேல் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. கடைசியில் எட்வேட்டே சொன்னார், தனக்கு அன்றைக்கே தெரியுமென்று. அழுகிறதுக்கு வேறு ஆட்கள் இருந்தபடியால் ரெஜிக்கு அழ முடியவில்லை என்று சொன்னாராம். பிறகு கொஞ்சக் காலம் யோகராஜா டெய்லரின் பேரை எடுக்கவில்லை. எட்வேட்தான் ஒருநாள் வழக்கை மறுபடி தொடக்கினார்.

இரண்டாயிரத்து இருபது சித்திரையில் எட்வேட்டுக்குக் காய்ச்சல் வந்தது. பஸ் சாரதிகள் பலருக்கு அந்த நாட்களில் வந்த காய்ச்சல்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை. அடக்கத்துக்கு வீட்டு ஆட்களைத் தவிர ஒருவரையும் விடவில்லை. யோகராஜா கோட்டுப் போட்டு, சப்பாத்தும் போட்டுக்கொண்டு, முன்னறையில் உட்கார்ந்து மகளின் கணினியில் பார்த்தார். படம் அடிக்கடி நின்றுபோனது. முடிந்த பிறகும் அவர் கோட்டைக் கழற்றாமல் பொழுது சாயும்வரை அங்கேயே இருந்தார்.

அதற்குப் பிறகுதான் மறதி. முதலில் சுவர்ணா அதைத் துக்கம் என்று எண்ணினார். வேலையால் ஓய்வு பெற்றவர், கதைக்க ஆளில்லாதவர், பேசாமல்தானே இருப்பார் என்று விட்டுவிட்டார். ஒருநாள் வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வரும் வழியில், எந்த பஸ் எடுப்பது என்று யோகராஜா கேட்டார். அவர் அந்த வழியால் எத்தனையோ வருடம் போய்வந்தவர். பிறகு சாவிகள், அடுப்பு, பேரப்பிள்ளையின் பேர். மெமரி கிளினிக்கில் படம் எடுத்துப் பார்த்தார்கள். மூளைக்குள் சின்னச் சின்ன அடைப்புகள் பல முறை வந்து போயிருக்கின்றன, இனியும் வரும் என்றார்கள்.

அந்த நாட்களில் யோகராஜா எட்வேட்டின் வீட்டுக்கு ரெலிபோன் எடுக்கத் தொடங்கினார். மரினா எடுத்ததும், அவனிட்டப் போனைக் குடும், ஆட்டம் தொடங்கப்போகுது என்பார். மரினா முதல் தடவை உண்மையைச் சொன்னார். மறுமுனையில் வந்த அழுகையைக் கேட்டு மரினாவும் அழுதார். அடுத்த கிழமை மறுபடி ரெலிபோன். மறுபடி அதே கேள்வி, மறுபடி அதே அழுகை. முதல்முதல் கேள்விப்படுகிற அழுகை. சில கிழமைகள் இப்படிப் போனபின் மரினா சுவர்ணாவிடம் வந்தார்.

"ஒவ்வொரு கிழமையும் என்ர மனுசனை நான் திரும்பத் திரும்பச் சாக்காட்டுறன், சுவர்ணா. எனக்கு இனி ஏலாது," என்றார்.

இரண்டு பெண்களும் கலந்து பேசி ஒரு பொய்யைத் தீர்மானித்தார்கள். எட்வேட் ஷிப்டுக்குப் போயிருக்கிறார். எப்போது கேட்டாலும் ஷிப்ட். பஸ் சாரதிக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை இருக்கும்தானே. யோகராஜா அதை உடனே நம்பினார். கொஞ்சம் கோபப்பட்டார், அவ்வளவுதான்.

ஆனால் வழக்குப் பேச ஆளில்லை. சுவர்ணா முயன்று பார்த்தார். ரெஜி வைட் நல்லவராமே என்று மெல்லத் தொடங்கினால், யோகராஜா தலையசைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார். சுவர்ணாவின் பேச்சில் எதிர்ப்பே இல்லை. கிளினிக்கில் ஒரு தமிழ்நாட்டுப் பெண் டாக்டர் இருந்தார். அவரிடம் சுவர்ணா இதைச் சொன்னபோது, "அவருக்கு எது பிடிக்குமோ அதைப் பத்தியே பேசுங்க. தப்பா பேசினாலும் பரவாயில்ல, பேச்சு நிக்காம பாத்துக்குங்க," என்றார்.

மரினாதான் ஆள் என்று சுவர்ணாவுக்குப் பிறகு தோன்றியது. மரினா அந்த ஆட்டத்தை ஒருநாளும் இருந்து பார்த்தவர் அல்ல. ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் அல்பேர்ட்டனிலிருந்து ஹரோவுக்குத் திரும்புகிற காரில், அன்று சொல்ல மறந்த வாதங்களையெல்லாம் எட்வேட் அவரிடம்தான் சொல்லிக்கொண்டு வருவார். கேட்டும் கேட்காமலும் இருந்து மரினாவுக்கு எல்லாம் பாடம். ஞாயிறுகளில் மரினா வரத் தொடங்கினார். யோகராஜாவுக்கு எதிரே, எட்வேட் வழக்கமாக இருந்த கதிரையை விட்டுவிட்டு மற்றதில் இருந்துகொண்டு, ரெஜி கட்சியைப் பேசினார். இரண்டு பேர் சாய்ந்து நிற்க அவர்களைத் தள்ளிக்கொண்டு போனவர் யார், சொல்லுங்கோ அண்ணை. யோகராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். டெய்லருக்கு முன் ஆட்டம் ஒரு மாதிரி என்று தொடங்கினார். சொற்கள் தடக்கின, பேர்கள் மாறின, ஆனால் குரல் பழைய குரல். சுவர்ணா சமையலறையில் நின்று அதைக் கேட்டார். மரினாவின் வாயில் எட்வேட்டின் பேச்சு நடை அப்படியே வந்ததாகச் சொன்னார். மரினாவுக்கும் அது தேவைப்பட்டது என்பது தனக்குப் பிறகுதான் விளங்கியது என்றும் சொன்னார்.

இப்படி ஒரு வருடத்துக்கு மேல் போனது. எட்வேட்டின் வாதங்கள் முடிந்துபோக, மரினா புதிதாகத் தேடத் தொடங்கினார். மகன் போட்டுக் கொடுத்த வீடியோக்களைப் பார்த்தார். ஒரு கார்த்திகை மாத ஞாயிறு, வந்து உட்கார்ந்ததும் புதியதொன்றை எடுத்தார்.

"அண்ணை, உங்கட டெய்லர் ஒருத்தன்ர காலை முறிச்சவன்தானே. அந்த மனுசன் அதுக்குப் பிறகு விளையாடவேயில்லை. அப்பிடிப்பட்டவனைப் பெரியவன் எண்டு சொல்லேலுமோ?"

எண்பத்தைந்தில் நடந்த விஷயம் அது. வாஷிங்டன் அணியின் பந்து எறிகிற ஆட்டக்காரர்மேல் டெய்லர் விழுந்ததில் அவருடைய கால் எலும்பு முறிந்தது.

யோகராஜா கையில் இருந்த தேத்தண்ணீர்க் கோப்பையைக் கவனமாகக் கீழே வைத்தார். "நீர் அதை முழுக்கப் பாத்தனீரோ?" என்று கேட்டார்.

பார்க்க முடியாமல் இடையில் நிறுத்திவிட்டதாக மரினா சொன்னார்.

"இடையில நிப்பாட்டினா விளங்காது. விழுத்தினது அவன்தான். ஆனா உடன எழும்பி, தலையில கையை வச்சுக்கொண்டு, வெளியில நிண்ட ஆக்களைக் கையைக் காட்டிக் கூப்பிட்டதும் அவன்தான். ஓடி வாங்கோ, ஓடி வாங்கோ எண்டு. நான் வந்த வருசம் அதைப் பாத்தனான்."

பிறகு அவர் சொன்னதை, மரினாவுக்குப் பக்கத்தில் இருந்த சுவர்ணா அதற்கு முன் கேட்டதேயில்லை. யோகராஜாவுக்கு ஒரு தமையன் இருந்தார். எண்பத்துநான்கில் விபத்தில் இறந்தவர் என்பது மட்டும் சுவர்ணாவுக்குத் தெரியும். சுவரில் படம் இருக்கிறது, திவசம் செய்வார்கள், அவ்வளவுதான். சைக்கிளில் போன தமையனை ஆமி ஜீப் ஒன்று அடித்து விழுத்தியிருக்கிறது. யோகராஜா பின்னால் இன்னொரு சைக்கிளில் வந்துகொண்டிருந்தார்.

"இறங்கினாங்கள். பாத்தாங்கள். ஒருத்தன் சிகரட் பத்தினான். நான் கிட்டப் போகத் துவக்கை நீட்டினாங்கள். அண்ணர் கன நேரம் உயிரோட கிடந்தவர். ஒருத்தரும் ஒருத்தரையும் கூப்பிடேல்லை."

 யோகராஜாவின் முகத்தில் அன்று ஒரு தடுமாற்றமும் இருக்கவில்லை என்று இருவரும் சொல்கிறார்கள். நோய் வருவதற்கு முன் இருந்த மனிதர் அப்படியே திரும்பி வந்து உட்கார்ந்த மாதிரி இருந்ததாம்.

"எட்வேட்டுக்குத் தெரியும்," என்றார் அவர். "அறையில இருக்கேக்க அவனுக்குச் சொன்னனான். இவ்வளவு வருசம் என்னோட வாதாடினவன், இந்தக் கால் முறிஞ்ச கதையை ஒருநாளும் எடுக்கேல்லை." மரினாவைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "அவன் இருந்தா உம்மை இதைச் சொல்ல விட்டிருக்கமாட்டான். எட்வேட் செத்துப்போனான், என்ன?"

ஷிப்டுக்குப் போயிருக்கிறார் என்று சொல்ல சுவர்ணா வாயெடுத்தார். மரினா அவருடைய முழங்காலில் கையை வைத்துத் தடுத்தார்.

"ஓம், அண்ணை. செத்துப்போனார்."

"பெட்டியை ஆர் தூக்கினது?"

"அடக்கம் செய்யிற கொம்பனி ஆக்கள்தான்."

"நான் வரேல்லையோ?"

"உங்களை விடேல்லை, அண்ணை. ஒருத்தரையும் விடேல்லை."

இந்த முறை அவர் அழவில்லை. டி.வி.யில் ஆட்டக்காரர்கள் கோட்டில் குனிந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப ரெஜியே இருக்கட்டும். செத்தவனோட வாதாடி வெல்லக்கூடாது. அவன்ர கட்சியே வெண்டதெண்டு வையும்," என்றார்.

மரினா எழும்பிச் சமையலறைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றார். எட்வேட் இருந்திருந்தால் அன்றைக்கு ஹரோவரைக்கும் காரில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்திருப்பார் என்று மரினா என்னிடம் சொன்னார். தன் மனுசன் வென்றுவிட்டார், அதைப் போய்ச் சொல்ல ஆளில்லை என்றார்.

சுவர்ணாவின் துக்கம் வேறு விதமானது. கணவரோடு அத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறார். ஒவ்வொரு வருடமும் அந்தத் தமையனுக்குப் படையல் வைத்திருக்கிறார். எட்வேட்டுக்குத் தெரிந்தது தனக்குத் தெரியாது. அன்று பின்னேரம் மரினா போனபின், மாத்திரையைக் கையில் கொடுத்துக்கொண்டே, "என்னட்ட ஏன் நீங்கள் சொல்லேல்லை?" என்று கேட்டார்.

யோகராஜா மாத்திரையை விழுங்கிவிட்டு அவரைப் பார்த்தார். "எதை?" என்றார்.

தெரியாததுபோல் நடித்தல்ல, உண்மையிலேயே தெரியாமல். அந்த வாசல் திறந்த வேகத்திலேயே மூடிப்போயிருந்தது. சுவர்ணா பிறகு பல தடவை தட்டிப் பார்த்தார். தமையனின் படத்தைக் கொண்டுவந்து காட்டினார். நல்ல வடிவான பொடியன், ஆர் என்று யோகராஜா கேட்டார்.

அடுத்த ஞாயிறு மரினா வருவாரா என்று சுவர்ணாவுக்குச் சந்தேகம். மரினா வந்தார். யோகராஜா அவரைக் கண்டதும், எட்வேட் எங்கை என்று கேட்டார். ஷிப்ட் என்றார் மரினா. ஞாயிற்றுக்கிழமையும் விடமாட்டினமோ என்று அலுத்துக்கொண்டு, யோகராஜா டெய்லரைத் தொடங்கினார். விட்டுக்கொடுத்ததெல்லாம் போய்விட்டது. அன்று இரண்டு பெண்களும் அவரோடு சேர்ந்து நன்றாகச் சிரித்தார்களாம். சிரித்ததை நினைத்துச் சுவர்ணாவுக்கு இப்போதும் வெட்கம்.

அதற்குப் பிறகு இறக்கம் விரைவாக வந்தது. முதலில் ரெஜியின் பேர் போனது. பிறகு டெய்லரின் பேர் போனது. கொஞ்சக் காலம் "அவன்" என்று மட்டும் சொல்லி, ஓரத்திலிருந்து ஒருவன் பாய்ந்து வருவதைக் கையால் காட்டுவார். பிறகு கையும் நின்றது. ஒரு ஞாயிறு மரினா ரெஜிக்காகப் பேசிக்கொண்டே போக, யோகராஜா எல்லாவற்றுக்கும் ஓம், ஓம் என்று தலையாட்டினார். மரினா பேச்சை நிறுத்திவிட்டு சுவர்ணாவைப் பார்த்தார். அடுப்படியில் வேலையாக நின்ற சுவர்ணா ஈரக் கையோடு வந்து, கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "அதெப்பிடி மரினாக்கா? டெய்லருக்கு முதல் ஆட்டம் ஒரு மாதிரி, பிறகு வேற மாதிரி," என்றார்.

அன்றிலிருந்து சுவர்ணா டெய்லர் கட்சி. வாழ்நாள் முழுவதும் காதில் விழுந்ததுதானே, தேடிப் படிக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு பெண்களும் சத்தம் போட்டு வாதாடினார்கள். சத்தம் குறைந்தால் யோகராஜா அமைதியிழந்து கதிரைக் கையைப் பிறாண்டத் தொடங்குவார். சத்தம் ஏறினால் அடங்கிவிடுவார். விதுஷா ஒருநாள் சொல்லாமல் வந்து கதவைத் திறந்தபோது, தாயும் மரினாவும் மாறி மாறிக் கத்திக்கொண்டிருக்க, நடுவில் தகப்பன் கண்ணை மூடி நிம்மதியாக இருந்தார். அவள் சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று அழுதுவிட்டு உள்ளே வந்தாள்.

போன வருடம் மாசியில் நெஞ்சில் சளி கட்டி, வீட்டிலேயே யோகராஜா இறந்தார். எல்லோரும் வந்தார்கள். கடைசியில் டெய்லரைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று சிலர் சுவர்ணாவிடம் கேட்டார்கள். நானும் கேட்டேன். அப்படி ஒன்றும் இல்லை என்றார். கடைசியாக அவர் சொன்னது, கண் கூசுகிறது, லைற்றை நிப்பாட்டும் என்பது. சுவர்ணா எழும்பிப் போய் நிறுத்திவிட்டு வந்தார்.

மரினாவின் மகன் கனடாவுக்குப் போய்விட்டான். தாயையும் கூப்பிடுகிறான். மரினா இன்னும் போகவில்லை. ஞாயிறுகளில் இங்கே வருகிறார். மத்தியானம் இருவரும் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். தங்கள் முழங்கால் நோவைப் பற்றிப் பேசுகிறார்கள். பிள்ளைகளைப் பற்றியும், எதிர்வீட்டில் புதிதாக வந்தவர்களைப் பற்றியும் பேசுவார்கள். டி.வி. போடுவதில்லை. ஆட்டம் தொடங்குகிற நேரம் இருவருக்கும் தெரியும்; அந்த நேரத்தில் மரினா அநேகமாகச் சோபாவில் நித்திரையாகிவிடுவார், சுவர்ணா ஒரு போர்வையைக் கொண்டுவந்து போர்த்திவிடுவார்.